பதினேழாவது பெயர்

1

பம்பாய்க்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "பிள்ளைக்குத் தமிழ் தெரியுமா?" என்பதுதான். தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தாராவியில் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று எந்த வாயால் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை, மழை தொடங்கிய அன்று, கோமதியை உட்காரவைத்து முதல் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அவளுக்கு ஏழு வயது. ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். 'ஊ' வரைக்கும் வந்தாள். 'எ'யில் நின்றுவிட்டாள்.

"முஜே நஹி ஆத்தா" என்றாள்.

"தமிழ்ல சொல்லுட்டி."

"எனக்கு வராது. சித்தி இது சொல்லிக் குடுக்கல."

சித்தி என்பது என் தங்கை சரோஜா. ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறாள். நான் பள்ளிக்குப் போயிருந்த நேரமெல்லாம் கோமதியை வளர்த்தவள் அவள்தான். அன்று கடைக்குப் போயிருந்தாள். வருகிற ஆவணியில் அவளுக்கு ஊரில் திருமணம். மாப்பிள்ளைக்குக் கல்யாண் ஜங்ஷனில் ரயில்வே வேலை. அதற்காக அவளுடைய டிரங்குப் பெட்டி அறையின் நடுவில் திறந்து கிடந்தது.

"அப்போ சித்தி ஒனக்கு என்னதான் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

கோமதி எழுந்து போய் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து வந்தாள். ஓரம் மடங்கி, பழுப்பேறிப்போன அட்டை. "இத வாசிப்பேன். முழுசா வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தொடங்கினாள்.

அது ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து சரோஜாவுக்கு வந்த அட்டை. வரவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அட்டை. அதைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலிலிருந்து எழுத வேண்டும்.

2

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். நாங்கள் இரண்டு பெண்கள். அம்மா நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டாள். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து, திருமணமாகி, தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரோடு இங்கே வந்தேன். சரோஜா பி.யு.சி.யில் நல்ல மார்க் வாங்கினாள். எல்லாரும் அவளையும் பயிற்சிப் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அவள் காமர்ஸ் படிக்க வேண்டும், பாங்கில் வேலை பார்க்க வேண்டும் என்று நின்றாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளைக் காமர்ஸுக்குச் சேர்க்கும் கல்லூரி எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா எனக்கு எழுதினார்: "உன்னை நம்பி அனுப்புகிறேன். எந்தக் கல்லூரி என்பதை நீயே பார்த்து முடிவு செய். எனக்கு அந்த ஊர் தெரியாது."

எனக்கு மட்டும் என்ன தெரியும்? இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையோடு சரோஜாவையும் கூட்டிக்கொண்டு அந்த மே மாதம் முழுவதும் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினேன். கடைசியில் இரண்டு மிஞ்சின.

ஒன்று கோட்டைப் பகுதியில் இருந்த பழைய கல்லூரி. கருங்கல் கட்டடம், இரண்டு மாடி உயரத்துக்கு நூலகம். காமர்ஸ் வகுப்பில் பெண்களுக்கென்று ஒரு வரிசை இருந்தது. பாங்குகளிலிருந்து அதிகாரிகளே வந்து பாடம் எடுப்பார்கள் என்றார்கள். காலை பத்தரையிலிருந்து மாலை நாலரை வரை. இன்னொன்று செம்பூரில் புதிதாகத் தொடங்கிய காலைக் கல்லூரி. ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு விட்டுவிடுவார்கள். படிப்பவர்கள் பெரும்பாலும் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள். நூலகம் என்று ஓர் அலமாரியைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. கோட்டைக் கல்லூரியின் சம்பளம் இதைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் ரயில் பாஸ்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் பொட்டலம் கட்டும் கையை நிறுத்தாமல், "கணக்குப் படிக்கத்தான போறா, கட்டடத்தையா படிக்கப் போறா?" என்றார். சரோஜாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "சரி, கோட்டைக் காலேஜுல எடம் கெடச்சா அதுலயே சேத்துருவோம். மொளகா வெல ஏறுதுல்லா, சமாளிச்சுக்கிடலாம்."

ஆகையால் செலவு ஒரு தடையாக இருக்கவில்லை. இதை இங்கே எழுதிவைக்க வேண்டும். ஏனென்றால் பிற்பாடு ஆறு வருடம் என் மனசாட்சிக்கு நான் செலவைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறைப் பிச்சம்மாள் அக்காவுக்குச் சரோஜா படிக்க வந்ததே பிடிக்கவில்லை. குழாயடியில் எல்லார் முன்னாலும், "பொட்டப்பிள்ள கணக்குப் படிச்சு என்னத்துக்கு? வீட்டுல அரிசி எத்தன படின்னு எண்ணவா?" என்றாள்.

"இல்லக்கா. ஒங்க வீட்டுக்காரர் சம்பளத்துல சாராயத்துக்கு எவ்வளவு, ஒங்களுக்கு எவ்வளவுன்னு எண்ணிச் சொல்லத்தான்" என்றாள் சரோஜா.

பிச்சம்மாள் அக்கா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. அப்போது சரோஜாவுக்கு அப்படி ஒரு வாய் இருந்தது.

கோட்டைக் கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கப் போன அன்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படிவத்தைத் திருப்பி எறிந்தார். "ஸர்நேம்? ஸர்நேம் கஹான் ஹை?" எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் அரைகுறை இந்தியில் நான் விளக்க விளக்க அவருக்குக் கோபம்தான் ஏறியது. வரிசையில் பின்னால் நின்ற, மாட்டுங்காவில் குடியிருக்கும் ஒரு தமிழ் அம்மாள்தான், "அப்பா பேரை முன்னாடி எழுதிடுங்கோ. இங்கே எல்லாருக்கும் அதுதான் வழக்கம்" என்று சொல்லிக் கொடுத்தாள். 'சங்கரலிங்கம் சரோஜா' என்று எழுதிக் கொடுத்தோம். வெளியே வந்ததும் சரோஜா சிரித்தாள். "அப்பா எனக்கு முன்னால போயி க்யூவுல நிக்காவக்கா."

விண்ணப்பத்தோடு நம் விலாசம் எழுதிய ஒரு தபால் அட்டையும் கொடுக்க வேண்டும். சரோஜா தன் கையாலேயே கடை விலாசத்தை எழுதினாள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தபால் கடைக்குத்தான் வரும். என் வீட்டுக்காரர் அவற்றைக் கல்லாவுக்கு மேலே ஒரு கம்பியில் குத்தி வைப்பார். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

3

ஜூன் மாதத்தில் எனக்கும் ஒரு தபால் வந்தது. முன்பு எப்போதோ போட்டு மறந்துபோன மனுவுக்குப் பதில். தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் ஷிப்டில் ஆசிரியை வேலை. பகல் பன்னிரண்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. சம்மதமா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அந்த ஒற்றை அறையில் இரண்டு வருடமாக நான் எப்படி இருந்தேன் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லி விளங்காது. தோல் பதனிடும் நாற்றத்துக்கு ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் நாற்றம். படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. அந்தக் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

"பிள்ளைய யாரு பாப்பா? ஆள் கெடச்சா போ" என்றார் என் வீட்டுக்காரர். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

செம்பூர்க் கல்லூரிப் பட்டியலில் சரோஜாவின் பெயர் ஏற்கெனவே வந்திருந்தது. பத்து மணிக்கு வகுப்பு விட்டால் பதினொன்றுக்கு அவள் வீட்டில் இருப்பாள். நான் பன்னிரண்டுக்குக் கிளம்பலாம். அவளுக்கு எந்தக் கல்லூரி பொருந்தும் என்று ஒரு மாதம் அலைந்தவள், அந்த வாரம் எனக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டேன். அவளிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் முடியாது என்றிருக்க மாட்டாள். கேட்டு அவள் சரி என்று சொல்லிவிட்டால் காலம் முழுவதும் அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்க வேண்டும். அதற்கும் எனக்கு மனமில்லை.

கோட்டைக் கல்லூரியில் பட்டியல் ஒட்டும் நாளில் கோமதிக்குக் காய்ச்சல். யாராவது ஒருத்திதான் போக முடியும். பிள்ளை சரோஜாவின் தோளைவிட்டு இறங்க மறுத்தது. நான் போனேன்.

நல்ல மழை. கம்பிவலை போட்ட பலகைக்கு முன்னால் பையன்கள் முண்டியடித்தார்கள். ஒரு கிழவர் குடையால் இடித்து எனக்கு வழி உண்டாக்கிக் கொடுத்தார். இன்டர் காமர்ஸ், நாற்பது பெயர்கள், தட்டச்சு செய்திருந்தது. பதினேழாவது வரியில் பெயர் இருந்தது. அடியில் ஒரு குறிப்பு: நாளை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் சம்பளம் கட்டாதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும்.

அந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டேன். அது பொய்யில்லை. பக்கத்தில் நின்ற கிழவரிடம், "மேரி பஹன்", என் தங்கை, என்று விரலை வைத்துக்கூடக் காட்டினேன். அவர் என் தலையில் கை வைத்தார். வி.டி.யில் ரயில் ஏறியபோதும் சொல்வதாகத்தான் இருந்தேன். தாதர் வந்தபோதும் அப்படித்தான். சயானில் இறங்கி நனைந்துகொண்டு நடந்தேன். வாசலில் சரோஜா கோமதியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தோளில் அது தூங்கிய விதத்தைப் பார்த்தேன்.

"இருக்காக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன். மேல இருந்து ஒரு தடவ, கீழ இருந்து ஒரு தடவ."

அது மட்டும் உண்மை. அப்பா குமாஸ்தாவாக இருந்ததால் எந்தப் பட்டியலையும் அப்படித்தான் சரிபார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சிறு வயதிலேயே பழக்கியிருந்தார்.

மறுநாள் பன்னிரண்டு மணி வரை நேரம் இருந்தது. காலையில் பால் காய்ச்சும்போது, சொல்லிவிடலாம், நனைந்த கண்ணுக்குத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லலாம் என்று நினைத்தேன். பத்து மணிக்குக்கூடக் கிளம்பிப் போயிருக்கலாம். பத்தரைக்குக்கூட. பதினொன்றேகாலுக்குத் துணி துவைக்க உட்கார்ந்தேன். சரோஜா வந்து எதிரில் நின்று, புடவையின் மறுமுனையைப் பிடித்து என்னோடு சேர்ந்து பிழிந்தாள். பிழிந்து முடித்தபோது கடை வானொலியில் பன்னிரண்டு மணி சொன்னார்கள்.

அப்பா பதில் எழுதியிருந்தார்: "கோட்டைக் கல்லூரியில் கிடைக்காதது வருத்தம்தான். பட்டியலை மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தாய் அல்லவா?" பார்த்தேன் என்று எழுதினேன்.

4

தபால் அட்டையின் ஞாபகம் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. இரண்டு வாரம், சாயங்காலம் தவறாமல் எண்ணெய் வேண்டும், உப்பு வேண்டும் என்று கடைக்குப் போய்க் கம்பியில் இருந்த தபால்களைப் புரட்டினேன். "ஒனக்கு யாரு இவ்வளவு லெட்டர் போடுதா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அட்டை வரவில்லை. மழையில் எங்கோ தொலைந்திருக்கும் என்று எண்ணி, பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்தேன்.

நான் வேலைக்குப் போனேன். சரோஜா விடியற்காலை பஸ்ஸில் செம்பூர் போய், பதினொன்றுக்குத் திரும்பி வந்து கோமதியை வாங்கிக்கொண்டாள். மடியில் பிள்ளையும் பிள்ளைக்கு மேல் கணக்குப் புத்தகமுமாகச் சுவரில் சாய்ந்து தூங்குவாள். ஜூனியர் பி.காம். பரீட்சை வாரத்தில் கோமதிக்கு அம்மை போட்டது. பள்ளியில் என் வேலையை நிரந்தரமாக்குகிற சமயம், லீவு போட எனக்குப் பயம். சரோஜா கணக்கியலில் தவறினாள். "அடுத்த தடவ எழுதிக்கிட்டாப் போச்சு" என்றேன். அதன் பிறகு அவள் குழாயடியில்கூட யாரையும் எடக்காகப் பேசி நான் கேட்டதில்லை. பிச்சம்மாள் அக்காவே, "ஓந் தங்கச்சி இப்பத்தான் பொம்பளயா ஆயிருக்கா" என்று பாராட்டினாள்.

கடைசியில் சாதாரண வகுப்பில் தேறினாள். பாங்கில் இரண்டாம் வகுப்பு கேட்டார்கள். இப்போது குர்லாவில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட்.

வீட்டுக்கு யார் வந்தாலும் நானே முந்திக்கொண்டு சொல்வேன், "கோட்டைக் காலேஜுக்குத்தான் போட்டோம், அவளுக்குக் கெடைக்கல" என்று. யாரும் கேட்காதபோதும் சொல்வேன். சரோஜா காபித் தட்டை நீட்டிக்கொண்டே, என்னைப் பார்த்து, "ஆமா, நம்ம மார்க்கு அவ்வளவுதான்" என்பாள். எத்தனையோ தடவை அந்த வார்த்தையை மாற்றாமல் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அடக்கத்தை நான் மெச்சியிருக்கிறேன்.

5

ஞாயிற்றுக்கிழமை கோமதி வாசித்தது இதுதான். செல்வி சங்கரலிங்கம் சரோஜாவுக்கு. பட்டியலில் பதினேழாவதாக உங்கள் பெயர் வெளியிடப்பட்டது. குறித்த நேரத்துக்குள் நீங்கள் சம்பளம் கட்டாததால் உங்கள் இடம் அடுத்தவருக்கு அளிக்கப்பட்டுவிட்டது. கீழே ஒரு கையெழுத்து.

பிள்ளை மூச்சுவிடாமல் வாசித்து முடித்துவிட்டு, சபாஷ் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தது.

சரோஜா முருங்கைக்காயோடு உள்ளே வந்தாள். என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். குடையை மடக்கி மூலையில் சாத்தினாள்.

"நல்லா வாசிச்சாளா?" என்று கேட்டாள்.

"எப்ப வந்துது இது?"

"அந்த வாரமே. பணம் கட்டுத நாள் முடிஞ்சு மூணாம் நாளு. அத்தான் கையிலதான் குடுத்தாவ. என்ன கார்டுன்னு கேட்டாவ, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

"சரோஜா, மழையில எனக்கு…"

"சொல்லாத. நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். மழையில அக்காவுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காதுன்னு. பெறவு நீ தெனம் கடைக்கி வந்து கம்பியில எதையோ தேடுன பாத்தியா, அப்பத்தான் தெரிஞ்சுது."

முருங்கைக்காயை எடுத்து வைத்து நறுக்கத் தொடங்கினாள். என்றைக்கும் போல ஒரே அளவாகத்தான் நறுக்கினாள்.

"அன்னைக்கே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் பரவாயில்லக்கான்னு சொல்லணும். எனக்குச் சொல்ல மனசில்ல."

"இப்ப?"

"இப்பவும் இல்ல."

நான் அழவில்லை. அழுதால் அவளை வற்புறுத்துவது போல ஆகும் என்று தோன்றியது. எனக்குச் சொல்ல உரிமை இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். "எம் பிள்ளைக்கி நாலெழுத்து தமிழ் சொல்லிக் குடுத்திருக்கலாம்லா? இதையா கொண்டு வாசிக்கப் பழக்குவ?"

"தமிழ் நீ சொல்லிக் குடு. நீதான டீச்சர். நான் குடுத்தது இதுதான். நாளைக்கி இவ பேரு எதுலயாவது வந்துதுன்னா, இவளே போயிப் பாத்து வாசிச்சுக்கிடட்டும். ஆரையும் அனுப்ப வேண்டாம்."

கோமதிக்கு எதுவும் விளங்கவில்லை. "சித்தி, ஃபிர் ஸே படூன்?" என்று கேட்டது. மறுபடியும் வாசிக்கட்டுமா என்று.

"வாசி" என்றாள் சரோஜா.

6

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை இன்றும் நான் விரும்புகிறேன். பகல் பன்னிரண்டரைக்கு நாற்பத்தைந்து பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும்போது எனக்கு வருகிற சந்தோஷம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் குறையவில்லை. குறைந்திருந்தால் இதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும். அப்போதே அவளைக் கேட்டிருந்தால், ஓர் ஆயாவைத் தேடியிருந்தால், ஒரு வருடம் காத்திருந்தால் என்று இந்த வாரம் முழுவதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லா வழியும் இருந்தது. நான் எதையும் தேடவில்லை.

சரோஜா அடுத்த வாரம் ரயில் ஏறுகிறாள். பெட்டியைக் கட்டி முடித்தாயிற்று. அட்டையைக் கோமதியின் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டாள். நேற்று அவளிடம் கேட்டேன், "அப்பாட்ட சொல்லப் போறியா?" என்று.

"நான் எதுக்குச் சொல்லுதேன்? லிஸ்ட்டு பாத்தது நீதான" என்றாள்.

அப்பாவுக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்கையும் கிழித்துவிட்டேன். பிறகுதான் இந்தப் பத்திரிகைக்கு எழுதலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வாசகசாலைக்குப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பார். அச்சாகிவிட்டால் நான் கிழிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

அப்பா, பட்டியலைச் சரியாகத்தான் பார்த்தேன். மேலிருந்து எண்ணினால் பதினேழு. கீழிருந்து எண்ணினால் இருபத்து நான்கு. எழுத்து ஒன்றுகூட நனையவில்லை. இந்த ஊர் வழக்கப்படி உங்கள் பெயரை முதலில் போட்டு, அதற்குப் பிறகு அவள் பெயரைப் போட்டிருந்தார்கள்.